படியெடுத்த பிரசங்கம்

சேசு மரி சூசை

பங்குமனை,
சூசைப்பாளையம்,
கவரைப்பேட்டை வழி.
10-6-1969

அன்பும் மரியாதையும் உள்ள விக்டோரியா அம்மாளுக்கு,

ஆண்டவருடைய ஆசீர்வாதம். முழங்கால் வலி தேவலையா? பூசையில் முழங்காலிட வேண்டாம், உட்கார்ந்தே இருக்கட்டும் என்று உபதேசியார் மோசஸிடம் சொல்லி அனுப்பினேன். நீங்கள் கேட்பதாயில்லை. முதல் வரிசையில் இருந்து நீங்கள் நிமிர்ந்து பார்க்கும்போது பிரசங்கத்தில் அடுத்த வார்த்தை எனக்கு மறந்துபோகிறது.

பிரசங்கம் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். சைக்கிள் கடைச் சடையப்பன் 'சாணைக்கல்' என்று ஒரு நாத்திகப் பத்திரிகை நடத்துகிறான். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இரும்பாலையில் ஷிப்டு முடிந்து வரும் பையன்கள் டீக்கடையில் கூடி, ஒருவன் வாசிக்க மற்றவர்கள் கேட்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் நம் பங்குப் பிள்ளைகள். மதிற்புறத்தான் என்ற புனைபெயரில் ஒருவன் அதில் எழுதுகிறான். கண்டித்துப் பேசலாம் என்று ஓர் இதழை வாங்கினேன். படித்து முடித்ததும், கண்டிக்க மறந்து முதலிலிருந்து மறுபடி படித்தேன்.

எனக்கு ஒன்று புரியவில்லை அம்மா. உலகத்தைப் படைத்தவர் நம் பக்கம் இருக்கிறார். வேதாகமம் நம் கையில் இருக்கிறது. ஆனால் நாம் எழுதினால் விளக்கெண்ணெய் போல் இருக்கிறது. எதுவும் இல்லை என்று சொல்கிறவன் எழுதினால் டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் கேட்கிறார்கள். இது ஏன்?

சென்னையில் கன்னியர் மடத்தில் படித்தவர் நீங்கள். இந்தப் பக்கத்தில் உங்களைப் போல் எழுதத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. நம் பங்குத் தாளில் அவனுக்கு மாதம் ஒரு பதில் எழுதித் தர வேண்டும். உங்கள் கணவர் விஷயத்தில் என் மேல் வருத்தம் இருக்கும். மூன்று வருஷம் ஆகிறது. அதைப் பாராட்டாமல் இந்த உதவியைச் செய்ய வேண்டும்.

சேசுவில் உங்கள் ஊழியன்,
ஜெயராஜ் சுவாமி

*

சேசு மரி சூசை

கவரைப்பேட்டை,
14-6-1969

சங்கைக்குரிய சுவாமி அவர்களுக்கு,

தோத்திரம். முழங்கால் என்னுடையது. அது யார் முன்னால் மடங்க வேண்டும் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வருத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். காப்பியில் சர்க்கரை குறைந்தால் வருவது வருத்தம். என் கணவர் பாக்கியநாதன் இந்த ஊர் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து, வேலை நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து இறந்தார். அவர் சில வருஷங்களாகப் பாஸ்கா காலத்தில்கூடப் பூசைக்கு வந்து நன்மை அப்பம் வாங்கவில்லை. சடையப்பன் கூட்டத்துக்கு ஸ்டேஷன் நாற்காலிகளை இரவல் கொடுத்தார். இந்த இரண்டுக்காக, கல்லறைத் தோட்டத்தின் மந்திரித்த மண்ணில் அவருக்கு இடமில்லை என்றீர்கள். அதையும் நீங்கள் வந்து சொல்லவில்லை. மோசஸை அனுப்பினீர்கள். மதிலுக்கு வெளியே ஏரிக்கரை ஓரமாகச் சடையப்பனும் அவன் ஆட்களும் குழி வெட்டினார்கள். கடவுள் இல்லை என்பவர்கள் வெட்டிய குழியில், உண்டு என்று சொல்லும் நான் மண் போட்டேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எழுதும்போது, கேட்பவன் ஏற்கெனவே உங்களை நம்புகிறான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறீர்கள். அவன் உட்கார்ந்திருக்கிறான், பூசை முடியாமல் எழுந்து போக மாட்டான். நாத்திகனுக்கு அந்த வசதி இல்லை. டீக்கடையில் நிற்பவன் எந்த வரியிலும் நகர்ந்துவிடலாம். ஆகவே அவன் ஒவ்வொரு வரிக்கும் உழைக்கிறான். நீங்கள் 'பாவமாகிய சேறு' என்கிறீர்கள். அவன் சேற்றையே காட்டுகிறான், அதில் சிக்கிய செருப்பையும் காட்டுகிறான். இலத்தீனில் பூசை நடந்தவரை உங்கள் சங்கடம் வெளியே தெரியவில்லை. இப்போது தமிழில் நடக்கிறது. எல்லாருக்கும் புரிந்துவிடுகிறது.

நாத்திகர்களுக்கும் குறை உண்டு. தொடங்கத் தெரிந்த அளவு முடிக்கத் தெரியாது. கேலி தீர்ந்ததும் கைவிரித்து நிற்பார்கள். உங்களுக்கு ஆமென் என்று ஒரு சொல் கிடைத்துவிட்டதால் முடிக்கத் தெரிய வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

பதில் எழுதித் தருகிறேன். ஒரு நிபந்தனை. என் கணவரைத் தோண்ட வேண்டாம். மதிலை நகர்த்துங்கள். கொஞ்ச தூரம்தான். அவர் உள்ளே வந்துவிடுவார்.

உங்கள் கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். 'விளக்கெண்ணெய்' மட்டும் நன்றாக இருந்தது.

இப்படிக்கு,
விக்டோரியா பாக்கியநாதன்

*

பங்குமனை,
21-6-1969

அன்புள்ள அம்மாளுக்கு,

ஆசீர்வாதம். உங்கள் திருத்தங்களைக் கண்டேன். பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கியது நினைவுக்கு வந்தது.

மதில் விஷயத்தில் நான் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. அது செங்கல்லால் மட்டும் ஆனதல்ல, திருச்சபைச் சட்டத்தால் ஆனது. அவருக்காக ஒரு பூசை வைக்கிறேன். பெயர் சொல்லாமல் வைக்கலாம்.

பதில் எழுத மனமில்லாவிட்டாலும், நடை வருவதற்கு வழியாவது சொல்லக் கூடாதா? மடத்தில் உங்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள்?

சேசுவில்,
ஜெயராஜ் சுவாமி

*

கவரைப்பேட்டை,
2-7-1969

சங்கைக்குரிய சுவாமி அவர்களுக்கு,

தோத்திரம். பெயர் சொல்லாத பூசை வேண்டாம். ஆண்டவருக்கு அவர் பெயர் தெரியும். உங்களுக்குத்தான் வாயில் வரவில்லை.

வழி கேட்டீர்கள். சொல்கிறேன். மடத்தில் எங்களுக்கு இலக்கணத்தை விட முக்கியமாக ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். நன்றாக எழுதப்பட்ட ஒரு பக்கத்தை எடுத்து, கையால் படியெடுக்க வேண்டும். ஒருமுறை அல்ல, வரி கையில் படியும்வரை. கண்ணால் படித்தது மறந்துபோகும். விரல் வழியாக ஏறியது இறங்காது. பிறகு புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுத வேண்டும். எந்த இடத்தில் மூச்சு விடுகிறான், எங்கே சின்ன வாக்கியத்தை வைக்கிறான் என்பதெல்லாம் தானாகக் கைக்கு வந்துவிடும்.

ஞானியர் சரித்திரங்களைப் படியெடுக்காதீர்கள். அந்த நடை உங்களிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது. உங்களைத் தூங்கவிடாமல் செய்தது எதுவோ அதைப் படியெடுங்கள். எழுதியவன் எந்தக் கட்சி என்று கைக்குத் தெரியாது.

இப்படிக்கு,
விக்டோரியா பாக்கியநாதன்

*

பங்குமனை,
12-10-1969

அன்புள்ள அம்மாளுக்கு,

ஆசீர்வாதம். ஆரணி ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. பங்குமனைக் கூரை ஒழுகுகிறது. ஆனால் மனம் உற்சாகமாக இருக்கிறது.

நீங்கள் சொன்னபடியே செய்துவருகிறேன். வேறு யாருடையது, அந்த மதிற்புறத்தானுடையதுதான். வெட்கத்தோடு சொல்கிறேன், மற்றவர்களிடம் சொல்ல வேண்டாம். ஆவணி இதழில் ஒரு ஓடக்காரனைப் பற்றி எழுதியிருந்தான். ஊரையெல்லாம் அக்கரை சேர்த்த ஓடக்காரன் செத்துப்போகிறான். சுடுகாட்டு வழிக் கதவுக்குக் கோவில் தருமகர்த்தா சாவி தர மறுக்கிறார். பாடை மழையில் நிற்கிறது. அவ்வளவுதான் கதை. நம்மை ஏசாமல் அவர்கள் கோவிலை ஏசுகிறான் என்ற நிம்மதியில் படிக்க ஆரம்பித்தேன். கடைசியில் கண் கலங்கிவிட்டது. எத்தனை தடவை எழுதிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. இப்போது அந்த நடை என்னுடையது போலவே வருகிறது.

கல்லறைத் திருநாள் பிரசங்கத்தை இதுவரை இல்லாதபடி தயாரித்திருக்கிறேன். அவசியம் வந்து கேட்க வேண்டும்.

சேசுவில்,
ஜெயராஜ் சுவாமி

*

பங்குமனை,
4-11-1969

அன்புள்ள அம்மாளுக்கு,

ஆசீர்வாதம். நீங்கள் வந்திருந்ததைப் பார்த்தேன். வழக்கம்போல் மதிலுக்கு வெளியே உங்கள் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, கதவோரம் வந்து நின்றீர்கள். முடிந்ததும் போய்விட்டீர்கள். எப்படி இருந்தது என்று சொல்லக் கூடாதா?

ஜனங்கள் அழுததைப் பார்த்தீர்களா? ஆலைப் பையன்கள்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள். பிரசங்கம் முடிந்ததும் ஸ்டேஷன் எதிரில் இட்லி விற்கும் முத்தம்மா என் அங்கியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"இத்த நான் பாத்துகீறேன் சாமி. மூஞ்சி நனையக் கூடாதுன்னு துணி போத்துனாங்கன்னு சொன்னியே, இத்த என் கண்ணால பாத்துகீறேன்."

"எங்கே பார்த்தாய்?" என்றேன்.

"இங்கதான்" என்று தோட்டத்துக் கதவைக் காட்டினாள். "நீ இன்னா, தெரியாத மாரி கேக்குற?"

வயதாகிவிட்டது, பாவம். நல்ல பிரசங்கத்தின் பலன் இதுதான் போலிருக்கிறது. கேட்பவர்கள் தாங்களே நேரில் பார்த்ததாக நினைக்கிறார்கள்.

நம் ஆயர் மேற்றிராணியாருக்கு அனுப்பவும் மற்றப் பங்குகளுக்குக் கொடுக்கவும் அதைத் துண்டுப் பிரசுரமாகப் போடத் திருவள்ளூரில் அச்சகத்தில் கொடுத்திருக்கிறேன். வந்ததும் உங்களுக்கு முதல் பிரதி.

சேசுவில்,
ஜெயராஜ் சுவாமி

*

சேசு மரி சூசை

கவரைப்பேட்டை,
20-11-1969

சங்கைக்குரிய சுவாமி அவர்களுக்கு,

தோத்திரம். முதல் பிரதி எனக்குக் கிடைத்துவிட்டது. நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

திருவள்ளூரில் அச்சகம் வைத்திருக்கும் ராமஸ்வாமி அய்யங்காரை உங்களுக்கு இப்போதுதான் தெரியும். எனக்கு மூன்று வருஷமாகத் தெரியும். கோவில் கைங்கரியக் குடும்பம். அமாவாசைக் கூட்டத்துக்கான கோவில் நோட்டீசையும் சாணைக்கல்லையும் ஒரே எந்திரத்தில் அடிப்பவர். எழுத்துக் கோப்பதும் அவரேதான். போன வாரம் அச்சுப் பிழை திருத்த நான் போனபோது சிரித்துக்கொண்டே சொன்னார்:

"அம்மா, ஒரு வேடிக்கை கேளுங்கோ. உங்க பாதிரியார் ஒரு பிரசங்கம் கொண்டுவந்து குடுத்தார். கோக்கலாம்னு உக்காந்தா கை தானாப் போறது. என்னடா இதுன்னு பார்த்தா, ஆவணியில நான் கோத்த அதே மேட்டர். அந்த ஈய எழுத்தை நான் இன்னும் கலைக்கவே இல்லையே, கயிறு கட்டி அப்படியே வெச்சிருக்கேன். தருமகர்த்தாவை எடுத்துட்டுப் பணக்காரனைப் போட்டேன். கடைசியில ஆமென் சேர்த்தேன். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுது. ரெண்டு கட்சிக்கும் ஈயம் ஒண்ணுதான்."

அச்சுப் பிழை திருத்த நான் ஏன் போனேன் என்று யோசிக்கிறீர்கள். என்னுடைய கட்டுரையை நான்தான் திருத்த வேண்டும். மதிற்புறத்தான் நான்தான்.

என் கணவரைப் புதைத்த வருஷமே சடையப்பன் கடைக்குப் போய் முதல் கட்டுரையைக் கொடுத்தேன். அவன் கையில் கிரீஸ், வாங்கவில்லை. "ஏம்மா, நீ கோவிலுக்கும் போய்க்கினு கீற, நமக்கும் எழுதிக்கினு வந்து குடுக்கற. இன்னா பேஜாரு இது?" என்றான். கடவுளோடு எனக்குத் தகராறு இல்லை, மதிலோடுதான் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டான். கடவுள் இல்லை என்று நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. தேடிப் பாருங்கள். அவர் பெயரைச் சொல்லிக் கதவைச் சாத்துகிறவர்களைப் பற்றி மட்டும் எழுதினேன். அதை நாத்திகம் என்று வாசித்தது நீங்கள்.

ஓடக்காரன் கதையை எழுதும்போது தருமகர்த்தா என்று ஏன் போட்டேன் தெரியுமா? மற்றவர் கோவிலென்றால் நீங்கள் தைரியமாக அழுவீர்கள். படியெடுக்கச் சொன்னது ஏன் தெரியுமா? பலமுறை படியெடுத்த கை அதைத் தன்னுடையது என்று நம்ப ஆரம்பிக்கும். மடத்தில் அதற்காகவே பல பெண்கள் தண்டனை வாங்கினார்கள். நல்லதைத் திருட உங்களுக்குக் கற்றுக்கொடுத்தேன், நீங்கள் எதைத் திருட வேண்டும் என்பதையும் எழுதி வைத்தேன்.

முத்தம்மாவுக்குப் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. அன்று அவர் உடலை அந்தக் கதவின் முன் இறக்கி வைத்து, மழையில் நின்றோம். முகம் நனையாமல் இருக்கச் சடையப்பன் ஸ்டேஷனுக்கு ஓடிப்போய்ப் பச்சைக் கொடியை எடுத்துவந்து போர்த்தினான். வண்டி புறப்படலாம் என்று காட்டுகிற கொடி. கதைக்காக அதை ஓடத்துப் பாய் என்று மாற்றினேன். நீங்கள் வந்து பார்த்திருந்தால் முதல் வாசிப்பிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். கல்லறைத் திருநாள் அன்று நீங்கள் அழுதுகொண்டே பிரசங்கம் செய்த இடத்துக்கும் அவருக்கும் நடுவில் அந்த மதில் மட்டும்தான் இருந்தது.

ராமஸ்வாமி இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் அருகருகே அடிக்கக் கோத்து, கயிறு கட்டி வைத்திருக்கிறார். இடது பக்கம் சாணைக்கல், வலது பக்கம் பிரசங்கம். நாத்திகன் நன்றாக எழுதுகிறானா, ஆத்திகன் நன்றாக எழுதுகிறானா என்று ஆலை வாசலில் பையன்களே தீர்ப்புச் சொல்லட்டும். மேற்றிராணியாருக்கும் ஒரு பிரதி போகும்.

அது வேண்டாமென்றால் இரண்டு காரியம் செய்யுங்கள். மதில் நகர வேண்டும். அடுத்த கல்லறைத் திருநாளில் அதே இடத்தில் நின்று, அந்தப் பிரசங்கம் யாருடையது, அதில் வந்த மனிதர் யார், கதவைத் திறக்காதவர் யார் என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். பெயர் சொல்லி.

இப்படிக்கு,
விக்டோரியா பாக்கியநாதன்

*

பங்குமனை,
24-11-1969

அம்மா,

உங்கள் கடிதத்தை மோசஸ் பார்க்கும் முன் எரித்துவிட்டேன். இது பயமுறுத்தல் என்பது உங்களுக்குத் தெரியும். முதல் வரிசையில் முழங்காலிட்டு, அதே நாக்கில் நன்மையும் வாங்கிக்கொண்டு, இதை இத்தனை மாதமாகத் திட்டமிட்டீர்கள். உங்களுக்கு ஆத்துமக் கவலை இல்லையா?

மேற்றிராணியாருக்கு மதில் விஷயமாக எழுதுகிறேன். முடியும் என்று சொல்ல முடியாது.

ஜெயராஜ்

*

கவரைப்பேட்டை,
26-11-1969

சங்கைக்குரிய சுவாமி அவர்களுக்கு,

என் ஆத்துமத்தை ஆண்டவர் கேட்கும்போது பதில் சொல்லிக்கொள்கிறேன். அதற்கு எனக்குப் படியெடுத்த பிரசங்கம் தேவைப்படாது.

எரித்தது நல்லது. என்னிடம் நகல் இருக்கிறது. கல்லறைத் திருநாள்வரை பொறுப்பேன்.

விக்டோரியா பாக்கியநாதன்

*

ஜவ்வாது மலை அடிவாரம்,
17-1-1971

விக்டோரியா அம்மாளுக்கு,

இந்த ஊருக்கு வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. கோவில் என்பது ஒரு கொட்டகை. சில குடும்பங்கள். யாருக்கும் வாசிக்கத் தெரியாது. கல்லறைகளைச் சுற்றி மதில் இல்லை. ஆடு உள்ளே வரும், போகும். முதல் நாள் அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

கல்லறைத் திருநாள் அன்று நான் பேசியதை நீங்கள் கேட்டீர்கள். சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். யாரும் அழவில்லை. யாரோ இருமினார்கள். மேற்றிராணியார் மதிலுக்கு அனுமதி கொடுத்தார், பிறகு எனக்கு மாற்றலும் கொடுத்தார். அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அங்கே சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. உங்கள் கணவரைக் கொண்டுவந்த அன்று நான் மனைக்குள் இருந்தேன். மழைச் சத்தத்துக்கு நடுவில் உங்கள் குரல் கேட்டது. சாரல் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு ஜன்னலைச் சாத்தினேன். சாரல் அந்தப் பக்கம் அடிக்கவில்லை.

மன்னிக்க வேண்டும்.

ஜெயராஜ்

*

சேசு மரி சூசை

கவரைப்பேட்டை,
2-2-1971

ஜெயராஜ் சுவாமி அவர்களுக்கு,

தோத்திரம். உங்கள் கடிதம் கிடைத்தது. வழக்கம்போல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தேன். சிவப்பு மை படும்படி ஒரு வரிகூட இல்லை. நீங்கள் எனக்கு எழுதியவற்றில் இது ஒன்றுதான் அப்படி.

ஊர்ச் செய்தி சொல்கிறேன். கொத்தனார் மதிலை ஏரிக்கரைவரை இழுத்துவிட்டார். என் கணவர் உள்ளே வந்துவிட்டார். அவரோடு கூட, ஞானஸ்நானம் பெறாமல் இறந்ததால் வெளியே புதைக்கப்பட்ட குழந்தைகளும் உள்ளே வந்துவிட்டன. அதில் ஒன்று முத்தம்மாவுடையதாம். எந்த மேடு என்று அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "எல்லாத்துக்கும் ஏத்திட்டாப் போவுது" என்று எல்லா மேட்டிலும் ஒவ்வொரு மெழுகுவர்த்தி வைத்தாள். நான் அவளைப் பற்றி ஒருபோதும் நினைத்ததில்லை. என் சண்டை ஒருவருக்காக மட்டும்தான்.

ராமஸ்வாமியிடம் சொல்லி இரண்டு பக்கத்தையும் கலைக்கச் சொல்லிவிட்டேன். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிறவள் நான். அந்த எழுத்துகள் இப்போது தை அமாவாசை நோட்டீசில் இருக்கின்றன. மதிற்புறத்தான் இனி எழுத மாட்டான். சடையப்பனுக்குக் கோபம். "மதிலு உள்ள வந்தா வாய் மூடிக்குமா?" என்று கேட்டான். உட்கார்ந்து பார்த்தேன், எழுத வரவில்லை.

நாத்திகர் ஏன் நம்மைவிட நன்றாக எழுதுகிறார்கள் என்று முதல் கடிதத்தில் கேட்டீர்கள். நான் அன்று சொன்ன பதில் பாதிதான். மூடிய கதவுக்கு வெளியே நிற்பவன் கடவுளை நம்பினாலும் நம்பாவிட்டாலும் நன்றாகத்தான் எழுதுவான். உள்ளே இருந்தவரை உங்களுக்கு வரவில்லை. எனக்கு இப்போது வரவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது தெரிந்தது. உங்களை அங்கே நிறுத்தியது நான். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். அது என்னிடம் இல்லை. அவரிடம் இருந்திருக்கும், அவர் யாருக்கும் நாற்காலி இரவல் கொடுக்கிறவர். கேட்க வேண்டுமானால் அவரிடம் கேளுங்கள். இந்தப் பக்கம் வந்தால் ஸ்டேஷனில் இறங்கி, ஏரிக்கரை வழியாக நேரே போனால் கல்லறைத் தோட்டத்துக் கதவு. புதிய சுவாமி அதைப் பூட்டுவதில்லை.

என் வீட்டுக்கு வர வேண்டாம்.

இப்படிக்கு,
விக்டோரியா பாக்கியநாதன்